பால் வடிந்த வேம்பு

எங்கள் வீட்டு வாசலில் நின்ற வேப்பமரத்துக்கு நான் செய்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஊரில் கேட்டால், சாமி வந்து இருந்துவிட்டுப் போன மரம் என்பார்கள். சாமி வந்ததா போனதா என்பது எனக்குத் தெரியாது. மரம் எப்படிச் செத்தது என்பது தெரியும்.

சாயல்குடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர் எங்களுடையது. கடல் கண்ணுக்குத் தெரியாது. காற்று மட்டும் சாயங்காலமானால் உப்போடு வந்து சேரும். சுற்றிலும் பனையும் கருவேலமும்தான். பனையின் நிழலை நம்பி ஒருவர் உட்கார்ந்தால் வெயிலோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். அதனால் வாசலில் நல்ல வேம்பு நிற்கிற வீட்டுக்கு இங்கே தனி மரியாதை உண்டு. கல்யாணமாகி நான் வந்தபோது அந்த மரமும் என் கணவரும் ஒரே மாதிரி ஒல்லியாக இருந்தார்கள். இந்த வீட்டில் எதற்குமே சோறு போடமாட்டார்களா என்று நான் கேட்டதை அவர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

மரத்தில் ஒவ்வொரு காயமும் எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியும். இடது பக்கக் கொப்பில் இருந்த தழும்பு மகளுக்குத் தொட்டில் கட்டியதால் வந்தது. வெறும் கயிற்றைக் கட்டி ஆட்டியதில் ஒரே மாதத்தில் பட்டை உரிந்துவிட்டது. அவர் பதறிப்போய் சாக்கைக் கிழித்து மடித்துக் கயிற்றுக்கு அடியில் கொடுத்தார். பிள்ளைக்கு மெத்தை போடாத மனிதர் மரத்துக்குப் போடுகிறாரே என்று கேட்டேன். பிறகு ஒருநாள், கரண்டுக் கம்பியில் உரசுகிறது என்று இரண்டு பேர் வந்து வடக்குக் கொப்பை அரிவாளால் குதறிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அவர் ஏணி போட்டு ஏறி, பிசிறாகத் தொங்கியதை எல்லாம் ரம்பத்தால் நேராக அறுத்து, சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசிவிட்டுத்தான் சாப்பிட வந்தார். துணி காயப்போட அவரே கட்டிய கம்பியை மரம் சில வருடங்களில் விழுங்கிவிட்டது. இரண்டு பக்கமும் பட்டை உதடு போலத் தடித்து வந்து கம்பியை மூடிக்கொண்டது.

மிளகாய் தொடர்ந்து மூன்று வருடம் கைவிட்டது. மகள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவர் சவூதிக்குப் போனார். இரண்டே வருடம் என்றுதான் பேச்சு. போன இடத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். காகிதங்கள் எங்கோ சிக்கிக்கொண்டன. ஊருக்கு வந்தால் திரும்பப் போகமுடியாது, இருந்தால் வரமுடியாது என்று ஆகிவிட்டது. வேறு ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சாலையோரத்து மரங்களுக்குத் தண்ணீர் விடுகிற, கொப்பு கழிக்கிற வேலை. அங்கேயும் பாதிக்குப் பாதி வேம்புதானாம். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. மத்தியானம் வீடியோவில் கூப்பிடுவார். நான் மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, தலைசீவிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருப்பேன். என்னை இரண்டு நிமிடம் பார்ப்பார். அப்புறம், “போன அப்பிடியே மேல தூக்கு, மரத்தப் பாப்போம்” என்பார்.

“ஒங்களுக்குப் பொண்டாட்டி நானா மரமா மச்சான்?”

“மரந்தான புள்ள எதுத்துப் பேசாம நிக்குது.”

திட்டிக்கொண்டே தூக்கிப் பிடிப்பேன். இலைகளுக்கு நடுவே வெயில் ஆடுவதை அவர் பார்த்துக்கொண்டிருப்பது திரையின் ஒரு மூலையில் தெரியும். முகம் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கப்போகிற பிள்ளை மாதிரி ஆகிவிடுவார். அதைப் பார்ப்பதற்காகவே கை வலிக்கும் வரை போனைத் தூக்கி வைத்திருப்பேன். “வந்தா ஒரு வாரத்துக்கு என்னைய எங்கயும் கூப்புடாத. இந்தக் கட்டில்லதான் கெடப்பேன்” என்பார். பேச்சு முடிகிற இடத்தில் தவறாமல் ஒரு வாரேன் இருக்கும். பொங்கலுக்கு வாரேன். சித்திரைக்கு வாரேன். முதல் இரண்டு வருடம் அதை நம்பிப் போர்வை துவைத்து வைத்தேன். பிறகு, இறங்கும்போது சில்லறை தருகிறேன் என்கிற கண்டக்டரிடம் சொல்வது போல, சரி சரி என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

அவர் இல்லாமல் வீட்டில் எதுவும் நின்றுவிடவில்லை. காட்டு வேலையை நானே பார்த்தேன். மகள் பரமக்குடியில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தாள். ஆனால் மத்தியானம் தட்டில் சோற்றைப் போட்டு உட்கார்ந்தால், எதிரே ஆள் இல்லாமல் சாப்பிடுவதே ஒரு வேலையாகத் தெரிந்தது. மிளகாய்ப் பழம் ஆய்ந்துவிட்டு வருகிற நாளில் என் கை தீயாக எரியும். முன்பெல்லாம் அவர் தேங்காயெண்ணெய் எடுத்து விரல் விரலாகத் தேய்த்துவிடுவார். இப்போது நானே தேய்த்துக்கொள்கிறேன். எண்ணெய் அதேதான், எரிச்சல் போவதில்லை. எனக்கு அவர் வேண்டும். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவர் போன நாலாவது வருடம் எங்கள் தெருவில் புது ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டதில் ரோடு உயர்ந்து, வாசல் பள்ளமாகிவிட்டது. ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் மொத்தமும் எங்கள் வாசலுக்குத்தான் வந்தது. போனில் பார்த்த அவர், “ரெண்டடிக்கு மண்ண அடிச்சு தரை போட்ரு. மிளகாய் காயப்போடவும் ஆச்சு” என்றார். ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். டிராக்டரில் மண் வந்து இறங்கியது. வேப்பமரத்தின் அடிப்பகுதி, வேர்கள் விரிகிற அந்த அகலமான பாதம், முழங்கால் உயரத்துக்கு மேல் மண்ணுக்குள் போனது. தரை போட வந்த கொத்தனார் ஒரு நிமிடம் யோசித்தார்.

“மரத்தச் சுத்தி வட்டமா எடம் விட்ருவமா தாயி, தண்ணி எறங்க?”

“வேணாம்ணே, சருகும் ஆட்டுப் புழுக்கையும் வந்து அடையும். மரத்தோட ஒட்டிப் போடுங்க.”

உண்மையான காரணம் அதுவல்ல. வீடியோவில் பார்க்கும்போது வாசல் ஒரே வழுவழுப்பாகத் தெரியவேண்டும் என்று எனக்கு ஆசை. வெளிநாட்டுக்காரர் வீடு மாதிரி இருக்கிறது என்று அவர் சொல்லவேண்டும். சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை நான் தரையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு அதையும் காட்டினேன்.

மறு வருடம் இலைகள் சிறுத்தன. பங்குனியில் பூ குறைந்தது. விடுமுறைக்கு வந்த மகள்தான், “என்னம்மா, கட்டில்ல படுத்தா வானம் தெரியுது?” என்று கேட்டாள். வெயில் கடுமை என்று சொன்னேன். அதற்கு அடுத்த வருடம் வைகாசியில் ஒரு விடிகாலை, வாசல் கூட்டப் போனவள் மரத்தில் வெள்ளையாக ஏதோ வழிவதைப் பார்த்தேன். இரண்டு கொப்பு பிரிகிற கவட்டியிலிருந்து நுரையோடு பால் போல இறங்கி, தரையில் தேங்கியிருந்தது. புளித்த நீராகார வாசனை அடித்தது. ஒரு உடம்பிலிருந்து வரக்கூடாதது வருகிறது என்றுதான் முதலில் பட்டது.

அதற்குள் பக்கத்து வீட்டு மதினி வந்துவிட்டார். என் கணவருக்குப் பெரியப்பா மகள், எங்கள் தெருவில் சாமியாடுகிறவர். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“கசக்கல. இனிக்குது. ஏத்தா, இது வேம்பு. வேம்புல இனிப்பு எங்கிட்டிருந்து வரும்? ஆத்தா வந்து எறங்கிருக்கா.”

நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனித்தது. பொய் சொல்ல முடியாது.

அன்று மத்தியானத்துக்குள் தெரு நிறைந்தது. மரத்துக்கு மஞ்சள் சேலை கட்டினார்கள். பாலைப் பிடிக்கக் கிண்ணம் வைத்தார்கள். அடிமரத்தில் சூடம் கொளுத்தினார்கள். அது அணையாமல் ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இளவட்டங்கள் வீடியோ எடுத்துப் போட்டதில், ஷேர் ஆட்டோ பிடித்து ஆட்கள் வந்தார்கள். ஏர்வாடி தர்காவுக்குப் போகிற ஒரு குடும்பம்கூட வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துப் போனது. ஒரு வாரத்தில் மரத்தைச் சுற்றி இடுப்பளவுக்குச் செங்கல் மேடை எழும்பியது. சூலம் மாட்டுவதற்கு ஆறு அங்குல ஆணி அடித்தார்கள். ஆணி இறங்கிய இடத்திலிருந்தும் பால் வந்தது. கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நானும் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மதினிக்கு அருள் வந்தது. கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து நெற்றி நிறையத் திருநீறு பூசினார். “அஞ்சாறு பொங்கலா வாசலப் பாத்து அழுவுறவளே, கேட்டுக்க. ஒந்தாலிக்கு உடையவன் ஆடி முடியுறதுக்குள்ள இந்த வாசல்ல வந்து நிப்பான். நான் இங்கனதான் இருக்கேன், என்னைய அசைக்காம வச்சுக்க.” நான் யாரிடமும் அழுததைச் சொன்னதில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முந்தின இரண்டு வெள்ளியும் கூட்டத்தில் அவரோடு பேச முடியாமல் போயிருந்தது. அன்று அவர் கூப்பிட்டபோது நான் சொல்வதற்கு முன் அவரே சொன்னார். அவர் அறையில் தங்கியிருந்த கமுதிக்காரர் ஒருவர், இந்த அதிசயத்தைப் பாருங்கள் என்று ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறார். நாலு பேர் கைமாறி வந்த வீடியோ. பார்த்தால் எங்கள் வீட்டு நீல ஜன்னல்.

“அது பாலு இல்ல புள்ள” என்றார். “வேரு அழுகுது. மண்ணுக்குள்ள பொதைச்சு, மேல சிமிட்டியையும் போட்டமே, மூச்சு முட்டிப்போச்சு அதுக்கு. இங்கன ரோட்டு வேலையில இப்பிடித்தான் அடிமரத்துல மண்ணக் குமிச்சாக. நாங்க தோண்டிவிட்டதெல்லாம் பொழைச்சிச்சு. தோண்டாதது ரெண்டு வருசத்துல போயிருச்சு. தப்பு என் மேலதான், நாந்தான அடிக்கச் சொன்னேன். நாளைக்கே ஆள விட்டுத் தரைய ஒடச்சு, பழைய வேரு விரியுற எடம் தெரியுற மட்டும் மண்ண எடுத்துரு.”

“ஊரே கும்புடுது மச்சான். ஒடச்சா சாமி குத்தமாயிரும்.”

“மரம் செத்தா சாமி எங்கன இருக்கும்?”

பார்க்கிறேன் என்று சொன்னேன். அடுத்த வாரம், ஆள் சொல்லியிருக்கிறேன் என்றேன். அதற்கடுத்த வாரம், தோண்டியாகிவிட்டது என்றே சொல்லிவிட்டேன். வெயில் தாங்கவில்லை என்று வீட்டுக்குள் உட்கார்ந்து பேசினேன். அவர் வேலையிலேயே மரங்களைப் பற்றித் தெரிந்துகொண்டவர், நேரில் தோண்டிப் பார்த்தவர். அவர் சொன்னது சரி என்று என் புத்திக்குத் தெரிந்தது. ஆனால் அந்த மரம் அசையாமல் இருக்கும்வரை அவர் வருவார் என்று ஒரு வாக்கு இருந்தது. ஆறு வருடத்தில் என் கையில் கிடைத்த ஒரே வாக்கு அதுதான் என்று நினைத்தேன்.

ஆடி பதினெட்டு கழிந்த பிறகு ஒருநாள், கூட்டம் இல்லாத உச்சி வெயிலில், மனது கேட்காமல் கடப்பாரையை எடுத்தேன். மேடைக்குப் பின்பக்கம், சுவர் ஓரமாக, யார் கண்ணிலும் படாத இடத்தில் செங்கலைப் பெயர்த்து, அதற்கடியில் தரையையும் உடைத்தேன். மண்ணைக் கையாலேயே தோண்டினேன். ஒரு முழம் இறங்கியதும் பட்டை தட்டுப்பட்டது. கறுத்துப்போய், ஊறிய தோல் மாதிரி இருந்தது. நகம் வைத்ததும் கழன்று வந்தது. உள்ளே இருந்து அந்தப் புளித்த வாடை முகத்தில் அடித்தது. ஒரு பக்கம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, பட்டை இன்னும் கெட்டியாக இருந்தது. கீறிப் பார்த்தேன், பச்சை தெரிந்தது.

அப்போதே நாலு ஆளைக் கூப்பிட்டு மொத்தத்தையும் எடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம். எனக்கு அது தெரியும். குழியின் பக்கத்தில் உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணினேன். ஆடி முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. பதினோரு நாள்தானே, அவர் வரட்டும், வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தோண்டிக்கொள்ளலாம் என்று மரத்திடம் சொன்னேன். மரத்திடம் பேசுகிற பழக்கம் எனக்கு அதுவரை இருந்ததில்லை. மஞ்சள் துணி ஒன்றைக் குழியில் போட்டு, மண்ணைத் தள்ளி, உடைந்த சிமெண்டுத் துண்டுகளை மேலே அடுக்கி மூடினேன். கையைக் கழுவிவிட்டு அன்றைய விளக்கையும் நானே ஏற்றினேன்.

ஆடி முடிந்தது. கடைசி நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தேன். மறுநாள் மதினி என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார். ஆவணியில் பால் நின்றது, கூட்டமும் நின்றது. புரட்டாசியில் இலைகள் பழுத்துக் கொட்டத் தொடங்கின; கூட்டக் கூட்ட விழுந்துகொண்டே இருந்தன. மழை நன்றாகப் பெய்தும் மரம் தலையெடுக்கவில்லை. மாசியில் ஊரில் உள்ள வேம்பெல்லாம் செந்துளிர் விட்டபோது எங்கள் மரம் விறகாக நின்றது. ஆத்தா இடத்தை மாற்றிக்கொண்டாள் என்று ஊர் சொன்னது. கார்த்திகைக்குப் பிறகு மரத்தைக் காட்டச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். இல்லை.

அவர் சித்திரையில் வந்தார். ஒருவழியாகக் காகிதங்கள் சரியாகி, மதுரையில் இறங்கி, வேன் பிடித்து, வெயில் ஏறிய நேரத்தில் வாசலில் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது; போனில் அது இவ்வளவு தெரிந்ததில்லை. முதலில் மரத்தைத்தான் பார்ப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். என்னைத்தான் பார்த்தார், வெகுநேரம். பிறகு மரத்தடிக்குப் போய், பட்டையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். சாப்பிட்டார். என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டிலை வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே நிழல் இல்லை.

மூன்றாம் நாள் கடப்பாரையோடு மேடையை இடிக்கத் தொடங்கினார். சத்தம் கேட்டு மதினி வந்து, “சாமி இருந்த எடம்டா தம்பி” என்றார். “இருக்கட்டும்க்கா. வேரு எப்பிடி இருக்குன்னு ஒருதடவ பாத்துட்டு விட்டுர்றேன்” என்றார் அவர். மதினி திரும்பிப் போய்விட்டார். நான் கூடையில் மண்ணை அள்ளிக் கொட்டினேன். சுவர்ப் பக்கம் போனபோது கடப்பாரை குத்தாமலே சிமெண்டுத் துண்டுகள் கழன்று வந்தன. அடியில் நைந்துபோன மஞ்சள் துணி. அவர் அதை எடுத்து ஓரமாக வைத்தார்.

“இங்கன யாரு ஒடச்சது?”

“நாந்தான். ஆடியில.”

“உள்ள கறுத்துப்போயிருந்ததப் பாத்தியா?”

“பாத்தேன். ஒரு பக்கம் பச்சையா இருந்துச்சு.”

“பெறகு ஏன் மூடுன?”

எத்தனையோ பொய் சொன்னவள், அன்றைக்கும் ஒன்று சொல்லியிருக்கலாம். “ஆடிக்குள்ள நீங்க வந்துருவீகன்னு சாமி சொல்லுச்சு. என்னைய அசைக்காதன்னுச்சு. தோண்டுனா நீங்க வராமப் போயிருவீகளோன்னு பயந்துட்டேன்.”

அவர் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு, அந்தக் குழிக்குள்ளேயே குத்தவைத்து உட்கார்ந்தார். கையில் ஒட்டியிருந்த மண்ணைக் கைலியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“வாரேன்னு நானுந்தான புள்ள சொன்னேன்” என்றார். “ஆறு வருசமா, வாரா வாரம்.”